நாட்டு நலப்பணித் திட்டம்

நாட்டு நலப்பணித் திட்டம் என்பது பல்கலைக்கழக, கல்லூரி, மேல்நிலைப் பள்ளி மாணவர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்துவதற்காக இந்திய அரசு நடத்திவரும் இளைஞர் மேம்பாட்டுத் திட்டம் ஆகும். செப்டம்பர் 24, 1969 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் இது தொடங்கப்பட்டது. தற்போது நடுவண் அரசின் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு என்.எஸ்.எஸ். என்றே பேச்சு வழக்கில் அறியப்படுகிறது. கேரளத்தில் நாயர் சேவைச் சங்கமும் இதே மூன்றெழுத்துகளால் வழங்கப்படுகிறது. அவ்வமைப்புக்கும் இத்திட்டத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை.

மரம் நடுதல், சாலை செப்பனிடுதல், துப்புரவு செய்தல் ஆகிய பணிகளுக்காக ஏற்பட்ட திட்டம் இது என்பது பரவலான எண்ணம் ஆகும். ஆனால் சமூகப் பணி வழியாக மாணவரின் ஆளுமையை வளர்த்தலே திட்டத்தின் முதன்மை நோக்கம் என அதன் கையேடுகள் கூறுகின்றன. அதாவது பணி என்பது வழி. மாணவரின் வளர்ச்சியே இலக்கு. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், ஓர் அலகு நன்றாக இயங்குகிறதா இல்லையா என்பதை அளப்பதற்கான கோல் இதனால் முற்றிலும் மாறிவிடுகிறது. எத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன என்று எண்ணுவது எளிது. நட்ட மாணவர் என்ன கற்றார் என்பதை எண்ண முடியாது.

பின்னணி

மாணவர்கள் தமது விடுமுறைக் காலத்தைக் கிராமப் பணியிற் செலவிட வேண்டும் என்று மகாத்மா காந்தி பலமுறை வற்புறுத்தி வந்தார். படிப்பு என்பது மாணவர் தம்மை மட்டும் உயர்த்திக்கொள்வதற்கான வாய்ப்பு அன்று, அது சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனையும் உடையது என்பது அவருடைய நிலைப்பாடு. விடுதலைக்குப் பின்னர் இக்கருத்து அரசின் கல்விக் குழுக்களிடம் சென்றது. முனைவர் எஸ். இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948-49), கல்வி நிலையங்களில் விருப்ப அடிப்படையில் நாட்டுப் பணியை அறிமுகப்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது. 1950 சனவரியில் கல்விக்கான நடுவண் ஆலோசனை வாரியம் இதனை ஆராய்ந்து, மாணவர்கள் விருப்பத்தின் பேரில் உடலுழைப்புக்குச் சிறிது நேரம் ஒதுக்கலாம் என்றும் ஆசிரியர்களும் அவர்களுடன் சேர்ந்து உழைக்க வேண்டும் என்றும் கூறியது. முதலாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் உழைப்பு முகாம்கள், கல்லூரி வளாகப் பணிகள் போன்றவை ஆங்காங்கே நடைபெற்றன.

1958 ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு, பட்டம் பெறுவதற்குச் சமூகப் பணியை முன்நிபந்தனையாக்கலாமா என்று கேட்டு மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்த ஆண்டு கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் இது விவாதிக்கப்பட்டது. ஆகஸ்டு 28, 1959 அன்று, முன்னாள் நிதியமைச்சர் சி. து. தேசுமுக் தலைமையில் நாட்டுப் பணிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் ஒவ்வொரு மாணவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய நாட்டுப் பணி ஆற்ற வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. அப்பணியில் ஓரளவு படைப்பயிற்சி, சமூகத் தொண்டு, உடலுழைப்பு, பொதுக்கல்வி ஆகியன அடங்கும். இதற்கு ஆகும் செலவையும் நடைமுறைச் சிக்கல்களையும் கருத்திற்கொண்டு அரசு இப்பரிந்துரையை ஏற்கவில்லை.

தேசுமுக் குழுவின் அறிக்கை நடைமுறைக்கு வந்திருந்தால், இன்று இந்தியாவில் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் ஓராண்டு கழித்தே நுழைந்திருப்பர். மாணவரின் ஓராண்டை அரசு எடுத்துக்கொள்ள வேண்டுமாயின் அந்த ஓராண்டுக்கான உணவு, உறைவிடம், பயிற்சியாளர் ஆகியவற்றை அரசே தர வேண்டும். அத்தகைய நிதி அன்று இல்லை. இவ்வாறு, கொள்கை அடிப்படையில் தோன்றிய கட்டாயப் பணி என்னும் எண்ணம் நிதிநிலைக் காரணத்தால் கைவிடப்பட்டது.

1960 ஆம் ஆண்டில் கல்வியாளர் கே. ஜி. சையிதைன் பல நாடுகளில் இளைஞர்கள் ஆற்றும் நாட்டுப் பணி குறித்து ஆராய அனுப்பப்பட்டார். தொடக்கத்தில் விருப்ப அடிப்படையிலேயே திட்டத்தைத் தொடங்கலாம் என்று அவர் அறிக்கை அளித்தார். தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான கல்வி ஆணையம் (1964-66), கல்வியின் எல்லா நிலைகளிலும் ஏதேனும் ஒரு வகைச் சமூகப் பணி இணைக்கப்பட வேண்டும் என்றது.

இதே காலத்தில் நிகழ்ந்த வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். 1962 ஆம் ஆண்டின் சீனப் போரைத் தொடர்ந்து 1963 இல் தேசிய மாணவர் படைப் பயிற்சி கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டு, 1968 இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாக மாற்றப்பட்டது. மறுபுறம், நாட்டின் பல பகுதிகளில் மாணவர் போராட்டங்கள் வலுத்திருந்தன. 1965 ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் நடைபெற்ற இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியோர் கல்லூரி மாணவர்களே. மாணவர்களின் ஆற்றலை எங்கே செலுத்துவது என்ற வினா அன்றைய ஆட்சியாளர் முன் இருந்தது என்பதில் ஐயமில்லை.

1967 ஏப்ரலில் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு தீர்வை முன்வைத்தது. இதன்படி மாணவர் விரும்பினால் தேசிய மாணவர் படையில் சேரலாம்; அல்லது நாட்டு நலப்பணித் திட்டம் என்னும் புதிய திட்டத்தில் சேரலாம்; விளையாட்டில் திறமையுடையோர் இவ்விரண்டுக்கும் பதிலாகத் தேசிய விளையாட்டு அமைப்பு என்னும் மூன்றாவது திட்டத்தில் சேரலாம். அதே ஆண்டு செப்டம்பரில் துணைவேந்தர்கள் மாநாடு இதனை வரவேற்றது. 1969 மே மாதத்தில், கல்வி அமைச்சகமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் கூட்டிய மாணவர் பிரதிநிதிகள் மாநாடும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1969-74) இதற்கென ஐந்து கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969 இல் செப்டம்பர் 24 அன்று நடுவண் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காஞ்சிபுரத்திற் பிறந்த ராவ், தில்லிப் பொருளியல் பள்ளியை நிறுவிய பொருளியலாளர் ஆவார். ஆண்டுதோறும் செப்டம்பர் 24 ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்ட நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நோக்கங்கள்

தாம் வாழும் சமூகத்தைப் புரிந்துகொள்ளல், அச்சமூகத்தோடு தமக்குள்ள உறவை உணர்தல், சமூகத்தின் தேவைகளைக் கண்டறிந்து அவற்றைத் தீர்ப்பதில் அம்மக்களையும் ஈடுபடுத்தல், தமது படிப்பறிவைக் கொண்டு நடைமுறைத் தீர்வுகளைத் தேடுதல், குழுவாக வாழவும் பொறுப்பைப் பகிரவும் பழகுதல், தலைமைப் பண்பையும் மக்களாட்சி மனப்பான்மையையும் வளர்த்தல், பேரிடர்களை எதிர்கொள்ளும் திறன் பெறல், நாட்டு ஒருமைப்பாட்டையும் சமூக நல்லிணக்கத்தையும் பேணல் ஆகியவை திட்டத்தின் நோக்கங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன.

இவற்றுள் இரண்டு நோக்கங்கள் தனிக் கவனத்துக்குரியவை. முதலாவது, ஊரின் தேவை என்ன என்பதை மாணவர் ஊராரிடமிருந்து கேட்டறிய வேண்டும் என்பது. கல்லூரியிலேயே முடிவுசெய்து கொண்டு ஊருக்குச் செல்வது இதற்கு மாறானது. இரண்டாவது, படித்த பாடத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது. வேளாண்மை மாணவரும், சட்ட மாணவரும், பொறியியல் மாணவரும் ஒரே மாதிரி மண்வெட்டி பிடிப்பதில் தவறில்லை. ஆயினும் அத்துடன் நின்றுவிட்டால் இந்நோக்கம் நிறைவேறியதாகாது.

சின்னமும் கொள்கைத் தொடரும்

ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயிலில் உள்ள தேர்ச்சக்கரத்தை அடிப்படையாகக் கொண்டது திட்டத்தின் சின்னம். சக்கரத்தின் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. எந்நேரமும் பணிக்கு அணியமாயிருத்தல் என்பது இதன் பொருள். சிவப்பு நிறம் இளைஞரின் துடிப்பையும், கருநீலம் இத்திட்டம் ஒரு சிறு பகுதியாக அமைந்துள்ள பேரண்டத்தையும் சுட்டுகின்றன. 'நான் அல்ல, நீ' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் இதன் கொள்கைத் தொடர் ஆகும்.

அமைப்பு

தொடக்கத்தில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருந்த திட்டம், பின்னர் இளைஞர் நலத்துக்கெனத் தனித்துறை உருவானபோது அதன் பொறுப்பிற்கு மாறியது. தில்லியில் இயக்ககமும், மாநிலங்களுக்கென மண்டல அலுவலகங்களும் உள்ளன. மாநில அரசில் மாநில அலுவலர், பல்கலைக்கழகத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர், கல்லூரியில் திட்ட அலுவலர் என்றவாறு இதன் நிருவாகம் கீழிறங்குகிறது.

திட்டத்தின் அடிப்படை அலகு 100 மாணவர்களைக் கொண்டது. ஓர் அலகுக்கு ஒரு திட்ட அலுவலர். அவர் அக்கல்லூரியிலேயே பாடம் நடத்தும் ஆசிரியர் ஆவார். தமது வழக்கமான கற்பித்தற் பணியோடு சேர்த்தே இதனையும் பார்க்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு அமர்த்தப்படும் இவருக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு வழங்கலாம். ஓர் அலகின் தரம் ஏறக்குறைய முழுமையாக இந்த ஒருவரையே பொறுத்திருக்கிறது எனலாம். ஊர்த் தலைவரிடம் பேசி அனுமதி பெறுதல், மாணவிகளின் பெற்றோருக்கு உறுதி கூறுதல், மருத்துவமனையிலிருந்து மருத்துவரை அழைத்து வருதல், செலவுச் சீட்டுகளைச் சேர்த்துக் கணக்கு முடித்தல் எல்லாம் இவர் தலையில் விழுகின்றன. நல்ல திட்ட அலுவலர் ஒருவர் பொறுப்பிலிருந்து விலகியதும் அலகு சுருங்கிவிடுவதும், ஆர்வமுள்ள ஒருவர் வந்ததும் அதே அலகு உயிர்பெறுவதும் கல்லூரிகளில் அடிக்கடி காணக்கூடியவை.

மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இத்திட்டத்தை விரிவாக்கும் முயற்சி 1985 ஆம் ஆண்டில் கருநாடகம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் சோதனை முறையில் தொடங்கியது. 2010 களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 அலகுகளில் 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தனர்.

வழக்கமான செயற்பாடுகள்

திட்டத்திற் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஆண்டின் 120 மணி நேரத்தில் 20 மணி நேரம் அறிமுகப் பயிற்சிக்குரியது. கல்லூரி வளாகத்துக்குள் செய்யும் பணி 30 மணி நேரத்தை மீறலாகாது. எஞ்சிய 70 மணி நேரம் வெளியே, மக்களிடையே செய்யும் பணிக்கு உரியது. வளாகப் பணிக்கு உச்சவரம்பு வைத்திருப்பது காரணமின்றி அன்று. அவ்வரம்பு இல்லையேல், கல்லூரி விழாக்களுக்கு நாற்காலி போடுவதிலும் விளையாட்டுத் திடலில் புல் வெட்டுவதிலுமே 120 மணி நேரமும் கழிந்துவிடக்கூடும்.

ஒவ்வோர் அலகும் அருகிலுள்ள ஓர் ஊரையோ நகர்ப்புறக் குடியிருப்பையோ தத்தெடுத்துக்கொள்கிறது. பல ஊர்களில் சிறிது சிறிதாகச் செய்வதைக் காட்டிலும் ஒரே ஊருக்கு மீண்டும் மீண்டும் செல்வதே விரும்பப்படுகிறது. எழுத்தறிவித்தல், குருதிக்கொடை, தடுப்பு மருந்து நாட்களில் உதவுதல், கண் பரிசோதனை முகாம், நீர்நிலைகளைத் தூர்வாருதல், சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு போன்றவை வழக்கமான பணிகள். 1991 ஆம் ஆண்டில், எயிட்சு நோய் பற்றி வெளிப்படையாகப் பேசப் பலரும் தயங்கிய காலத்தில், பல்கலைக்கழக மாணவரிடையே அந்நோய் குறித்துப் பேசும் திட்டமொன்று நா.ந.தி. வழியாகத் தொடங்கப்பட்டது. பாலியல் நலம் குறித்து வகுப்பறையிற் பேச முடியாத பலவற்றை அங்கே பேச முடிந்தது.

1999 ஆம் ஆண்டின் ஒடிசாப் புயல், 2001 ஆம் ஆண்டின் குசராத்து நிலநடுக்கம், 2004 திசம்பரின் ஆழிப்பேரலை, 2018 ஆம் ஆண்டின் கேரள வெள்ளம் ஆகிய பேரிடர்களின்போது மாணவர்கள் நிவாரணப் பொருட்களைப் பிரித்தல், முகாம்களில் உதவுதல், வீடுகளைத் தூய்மை செய்தல் ஆகிய பணிகளில் ஈடுபட்டனர்.

சிறப்பு முகாம்

இத்திட்டத்திற் பங்கேற்றவர்களிடம் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் அவர்கள் முதலிற் குறிப்பிடுவது சிறப்பு முகாமையே. தத்தெடுத்த ஊரில் ஏழு நாட்கள் தங்கிப் பணிபுரிவதே இம்முகாம் ஆகும். ஓர் அலகின் 100 பேரில் பாதிப்பேர், அதாவது 50 பேர், ஓர் ஆண்டில் இதிற் கலந்துகொள்வர். இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வாய்ப்புக் கிடைக்கும் என்பது கணக்கு.

1973 ஆம் ஆண்டில் பஞ்சத்துக்கு எதிராக இளைஞர் என்ற கருப்பொருளில் முகாம்கள் நடைபெற்றன. அதனைத் தொடர்ந்து அழுக்குக்கும் நோய்க்கும் எதிராக, ஊரக மறுசீரமைப்புக்காக, எழுத்தறிவுக்காக, நீர்ப்பிடிப்புப் பகுதி மேலாண்மைக்காக என்று காலந்தோறும் கருப்பொருள்கள் மாறி வந்துள்ளன. அந்தந்தக் காலத்தில் அரசு எதனை நாட்டின் முதன்மைச் சிக்கலாகக் கருதியது என்பதை இப்பட்டியலிலிருந்தே ஒருவாறு அறியலாம்.

முகாமில் மாணவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ தங்குவர். காலையில் உடலுழைப்பு, பிற்பகலில் வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டுதலோ வல்லுநர் உரையோ, மாலையில் ஊர்மக்களுடன் கலை நிகழ்ச்சி என்பது பொதுவான ஒழுங்கு. சமையல், பரிமாறல், பாத்திரம் துலக்கல் ஆகியவை குழுக்களுக்கு முறை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. வீட்டில் ஒருநாளும் பாத்திரம் துலக்கியிராத ஆண் மாணவர் பலர் முதன்முதலாகத் துலக்குவது இங்கேதான். குடும்பத்தினர் இன்றி வெளியே தங்கியிராத மாணவியர் பலருக்கும் இதுவே முதல் வாய்ப்பாக அமைகிறது. நகரில் வளர்ந்த மாணவர் ஒருவர், ஊர் என்பது ஒன்றல்ல, ஊரும் சேரியும் எனப் பிரிந்தே கிடக்கிறது என்பதைப் பாடநூலில் அன்றி நேரிற் காண்பதும் இங்கேதான். கலை நிகழ்ச்சியை எந்தத் தெருவில் நடத்துவது, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பன போன்ற வினாக்கள் எழும்போது, சமூக நல்லிணக்கம் என்று கையேட்டில் எழுதப்பட்டிருக்கும் நோக்கம் மாணவரின் முன் நேரடியாக வந்து நிற்கிறது. அவ்வினாவைத் தவிர்த்துச் செல்லும் முகாம்களும் உண்டு. எதிர்கொள்ளும் முகாம்களும் உண்டு.

240 மணி நேரத்தையும் ஒரு சிறப்பு முகாமையும் நிறைவுசெய்தவருக்குப் பல்கலைக்கழகம் சான்றிதழ் வழங்குகிறது. வெள்ளி விழாவையொட்டி, 1993-94 ஆம் ஆண்டு முதல் சிறந்த மாணவர், திட்ட அலுவலர், அலகு ஆகியோருக்குத் தேசிய அளவில் விருதுகளும் வழங்கப்படுகின்றன.

தொழில்நுட்ப மாணவர்களின் பணி: கேரளத்தின் புனர்ஜனி

படிப்பறிவைப் பயன்படுத்தல் என்னும் நோக்கத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கேரளத்தைச் சொல்லலாம். அம்மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள், பல்தொழில்நுட்பப் பயிலகங்கள் ஆகியவற்றின் அலகுகள் தொழில்நுட்பப் பிரிவு என்ற பெயரில் ஒன்றாக இயங்குகின்றன. இப்பிரிவு நடத்தும் புனர்ஜனி என்னும் திட்டத்தின்படி மாணவர்கள் அரசு மருத்துவமனைகளில் முகாமிட்டு, அங்கே பழுதடைந்து ஒதுக்கப்பட்ட கருவிகளையும் தளவாடங்களையும் சரிசெய்து திரும்ப ஒப்படைக்கின்றனர். புனர்ஜனி என்பது மறுபிறப்பு என்று பொருள்படும் சொல்.

அரசு மருத்துவமனைகளுக்குச் சென்றவர் எவரும் இதன் தேவையை உணர்வர். சக்கரம் கழன்ற தள்ளுகட்டில், ஒரு பக்கம் சாய்ந்த கட்டில், மின்கம்பி அறுந்த கருவி ஆகியவை ஒரு மூலையிற் குவிந்திருக்கும். அவற்றுட் பலவற்றின் பழுது சிறிது. ஒரு பற்றவைப்பிலோ ஓர் உருகியை மாற்றுவதிலோ தீரக்கூடியது. சரிசெய்ய ஆள் அழைப்பதற்கான நடைமுறையே பழுதைவிடப் பெரியது. பற்றவைத்தலைப் பட்டறையில் பயின்ற மாணவர், தாம் பற்றவைத்த கட்டிலில் அடுத்த நாள் ஒரு நோயாளி படுத்திருப்பதைக் காண்கிறார். நான்கு ஆண்டுப் பொறியியற் படிப்பில், செய்முறைத் தேர்வுக்காக அன்றி உண்மையான பயன்பாட்டுக்காக ஒன்றைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு இவ்வாறு கிடைப்பது அரிது. தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, இத்தகைய பணிக்கு இங்கே உள்ள வாய்ப்பு மிகப் பெரிது.

நிதி

தொடக்கம் முதல் நடுவண் அரசும் மாநில அரசுகளும் 7:5 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொண்டன. சில மாநிலங்களுக்கு நடுவண் அரசின் பங்கு இதனினும் கூடுதலாக இருந்தது. மாநிலப் பங்கு காலத்தில் வந்து சேராமையால் கல்லூரிகளுக்குப் பணம் தாமதமாகக் கிடைப்பது நெடுநாள் குறையாக இருந்தது. ஏப்ரல் 1, 2016 முதல் முழுச் செலவையும் நடுவண் அரசே ஏற்கிறது.

2010 களில் வழக்கமான செயற்பாடுகளுக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாயும், சிறப்பு முகாமுக்கு ஒருவருக்கு 450 ரூபாயும் கணக்கிடப்பட்டன. முதல் தொகையின் ஒரு பகுதி நிருவாகச் செலவுக்குப் போய்விடும். முகாம் தொகையை ஏழு நாட்களுக்குப் பகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 64 ரூபாய் வருகிறது. மூன்று வேளை உணவு, போக்குவரத்து, பணிக்கான கருவிகள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். எஞ்சியதை ஊர்மக்களின் அரிசியும் காய்கறியும், கல்லூரியின் பேருந்தும், சில வேளைகளில் திட்ட அலுவலரின் சொந்தப் பணமும் ஈடுசெய்தன. ஊர்மக்கள் தரும் உணவு திட்டத்தின் உணர்வுக்கு ஏற்றதே. ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து கொடுக்க நேர்வதை அவ்வாறு கூற முடியாது.

2010 களில், அரசின் நிதியுதவி இல்லாமல் கல்லூரியே செலவை ஏற்கும் தன்னிதி அலகுகளும் அனுமதிக்கப்பட்டன. நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருந்த கல்லூரிகளுக்கு இது பயன்பட்டது.

விருப்பமும் கட்டாயமும்

தேசுமுக் குழுவின் கட்டாயப் பணி கைவிடப்பட்டு, விருப்பத்தின் அடிப்படையில் திட்டம் தொடங்கப்பட்டது என்பது மேலே கூறப்பட்டது. ஆனால் நடைமுறையில் விருப்பம் என்பதன் பொருள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடுகிறது. எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய விளையாட்டு அமைப்பு, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றிற் சேர வேண்டும். ஏறத்தாழ 80 மணி நேரப் பயிற்சியும், ஏறத்தாழ ஏழு நாள் முகாமும் உண்டு. பயிற்சியில் 75 விழுக்காடு வருகை வேண்டும். முதலாம் ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும். 1967 ஆம் ஆண்டு மாநாட்டின் மூன்று வழிகளும் இங்கே அப்படியே உள்ளன; சேராமலிருக்கும் உரிமை மட்டும் இல்லை.

இதற்கு இருபக்க வாதங்களும் உள்ளன. கட்டாயமாக்கினால் வருகைப்பதிவே குறிக்கோளாகிவிடும். சென்ற ஆண்டு தோண்டிய குழியிலேயே இவ்வாண்டும் கன்று நடப்படும். அதை நிழற்படம் எடுத்து அறிக்கையில் ஒட்டுவதோடு வேலை முடிந்துவிடும் என்பர் ஒரு சாரார். இத்தகைய நிகழ்வுகள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. தாமாக ஒருபோதும் முன்வந்திராத மாணவர்களையும் கட்டாயமே ஊருக்கு அழைத்துச் செல்கிறது என்பர் மறு சாரார். வேண்டாவெறுப்பாகச் சென்று, ஏழாம் நாள் பிரிய மனமின்றித் திரும்பியவர்களும் உள்ளனர். ஆனால் 100 பேருக்கு ஒரு திட்ட அலுவலர் என்ற அளவு, விரும்பி வந்த 100 பேரை நடத்துவதற்கு வகுக்கப்பட்டது. விரும்பாதவர்களையும் அதே ஒருவர் நடத்த வேண்டுமெனில் கட்டாயத்தின் பயன் வருகைப்பதிவோடு நின்றுவிடுவது வியப்பன்று.

2015 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இத்திட்டத்தை மதிப்பீட்டுக்குரிய விருப்பப் பாடமாகவும் அறிமுகப்படுத்துமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது.

கல்லூரிக்கு வெளியே உள்ள இளைஞர்

இத்திட்டத்தின் முக்கியமான வரம்பு, இது கல்வி நிலையங்களுக்குள் இருப்போரை மட்டுமே சென்றடைகிறது என்பதாகும். 2014 ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையுள்ளோரை இளைஞர் என வரையறுத்தது (2003 ஆம் ஆண்டின் கொள்கையில் இது 13 முதல் 35 வயது வரை இருந்தது). நாட்டின் மக்கள்தொகையில் இவர்கள் ஏறத்தாழ 27.5 விழுக்காட்டினர் என்றும் அக்கொள்கை கூறியது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் 121 கோடி மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 33 கோடி. இவர்களுள் 36 இலட்சம் பேர் நா.ந.தி. மாணவர்கள் என்றால், அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே ஆகும்.

படிப்பை நிறுத்திய, அல்லது படிக்க வாய்ப்பில்லாத ஊரக இளைஞர்களுக்காக 1972 ஆம் ஆண்டில் நேரு இளைஞர் மையங்கள் தொடங்கப்பட்டன. 1987 இல் இவை தன்னாட்சி பெற்ற அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இளைஞர் பணியாளர்களுக்குப் பயிற்சியும் ஆராய்ச்சி வசதியும் அளிக்கும் இராசீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூரில் உள்ளது. 1993 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்துக்கு 2012 ஆம் ஆண்டின் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியை அளித்தது. அக்டோபர் 31, 2023 அன்று, மாணவர், மாணவரல்லாதோர் ஆகிய இருசாராரும் பதிவுசெய்துகொள்ளக்கூடிய மை பாரத் என்னும் தன்னாட்சி அமைப்பை நடுவண் அரசு தொடங்கியது.

மாணவர்களும் மாணவரல்லாத இளைஞர்களும் நேரிற் சந்திக்கும் இடமாகச் சிறப்பு முகாமே இருந்துவருகிறது. முகாம் நடக்கும் ஊரின் இளைஞர்களையும் பணியிற் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல அலகுகளில் உண்டு. மாணவருக்கு ஏழாம் நாள் சான்றிதழுக்கான தகுதி கிடைக்கிறது. அவருக்கு இணையாக ஏழு நாளும் உழைத்த அவ்வூர் இளைஞருக்கு அத்தகைய சான்று எதுவும் வழங்கப்படுவதில்லை.